ஊசியக்கா கைதட்டவில்லை

சாப்பாட்டு மேஜையில் ஒரு சாவியை வைத்துவிட்டுச் சின்னவள் விறுவிறுவென்று தன் அறைக்குள் போனாள். இரண்டு தெரு தள்ளி அவள் பார்த்து வைத்திருக்கும் புது வீட்டின் சாவி அது. தானும் கணவனும் தனியாகப் போய்விடுவது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கணவன், அதாவது நம் ஊசியக்காவின் தம்பி, இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊசியக்கா மட்டும் என்ன சொல்லிவிட்டாள்? சாவியை எடுத்து, மேஜையைத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். ஒரு வாரமாக அது அங்கேயே கிடக்கிறது. மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் நீட்டுகிறார்கள்.

இந்த லட்சணத்தில்தான் நேற்று மாலை அந்த இசை விருது விழா வந்து தொலைந்தது.

இன்று காலை கதவைத் தட்டியது மாடி வீட்டு அம்மாள். குடிவந்த நாளிலிருந்து படியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறவள், இன்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். தன் மகன் சிநேகிதனோடு கூட்டுச் சேர்ந்து கடை போட்டிருப்பதைச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தக் கூட்டு நிலைக்குமா, பிரிந்துவிடுமா, கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

"நான் ஜாக்கெட்டுக்குத்தான் அளவெடுப்பேன். கடைக்கெல்லாம் எடுக்கிறதில்லையே" என்றாள் ஊசியக்கா.

மாடி வீட்டு அம்மாள் தன் போனை நீட்டினாள். அதில் விழா மண்டபம். அந்த ஆண்டின் சிறந்த ஜோடிக் குரலுக்கான விருதை வாங்கப் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பாடகர்கள் மேடை ஏறுகிறார்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டுகிறது. இரண்டாவது வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. கைதட்டவும் இல்லை. புருவத்தைச் சுருக்கி, முஷ்டியை மடக்கிக்கொண்டு, ஜோடியைப் பார்த்து உதட்டை அசைக்கிறாள். எவனோ வேலையற்றவன் அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, அடியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான்: பி-ரிஞ்-சி-டும்.

தன் முகத்தைத் தானே பார்க்கிற கூச்சத்தில் ஊசியக்கா அதற்கு மேல் பார்க்காமல் போனைத் தள்ளிவிட்டாள். மாடி வீட்டு அம்மாள் விடவில்லை. படத்துக்கு அடியில் ஊரே எழுதியிருந்ததை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

யார் இந்தம்மா என்று கேட்டவர்கள்தான் முக்கால்வாசி. மாமியார் என்று ஒருவர், முதல் தாரம் என்று ஒருவர். சம்பளம் ஏற்றாத முதலாளி பேசும்போது என் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு புண்ணியவான். நல்ல நாளில் இப்படி ஒரு சொல் சொன்ன வாய் விளங்குமா என்று ஒரு அம்மணி. கழுத்தில் மஞ்சளாக என்னவோ தொங்குகிறதே, மந்திரித்த கயிறா என்று கேட்ட ஒருவருக்கு, ஆமாம் என்று நாலு பேர் சத்தியம் செய்திருந்தார்கள்.

"அது அளவு டேப்பு" என்றாள் ஊசியக்கா.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் அந்த நாலு பேரோடு சேர்ந்துவிடுவீர்கள்.

ஊசியக்கா அந்த விழாவை ஒளிபரப்பிய டிவி சேனலின் உடைப் பிரிவில் தைக்கிறவள். எப்போதும் காலரில் ஒரு ஊசி குத்தியிருக்கும் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அவளிடம் பேச்சு வாங்கியவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். விழாவுக்கு விளம்பரம் கொடுத்த துணிக்கடை, பாடகிக்கென்று ஒரு நீளக் கவுனும் கொடுத்திருந்தது. போட்டுப் பார்த்தால் சாக்குப்பை மாதிரி தொங்குகிறது. அளவு கொடுத்த பிறகு பாடகி அவ்வளவு இளைத்திருந்தாள். ஊசியக்கா இடுப்பைப் பிடித்து முதலில் ஓட்டுத்தையல் போட்டாள். நீளநீளமான கைத்தையல் அது, சும்மா துணியை இடத்தில் நிறுத்தி வைப்பதற்கு. அதன்மேல் மிஷின் ஓட்டினால்தான் தாங்கும். மிஷினில் கவுனை வைப்பதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பாடகியை மாட்டச் சொல்லி இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஊசியும் கையுமாக ஊசியக்காவும் பின்னால் ஓடினாள். மண்டப வாசலில் ஒருவர் அவளைப் பிடித்து, தோளில் ஒரு சால்வையைப் போர்த்தி, இரண்டாவது வரிசையில் காலியாக இருந்த இருக்கையில் அழுத்தி உட்கார வைத்தார். காலி இருக்கை கேமராவில் பல்லை இளிக்குமாம். மேடையில் ஜோடி ஏறியது. கைக்குள் ஊசி, கண் முழுக்க அந்த இடுப்பு. எப்படிக் கைதட்டுவாள்? ஒரு எட்டு எட்டி வைத்தால் போச்சு என்று நினைத்தபோதுதான் அந்தச் சொல் வாயில் வந்தது. விழா முடிந்து பின்பக்கம் ஓடினாள். பாடகி காரில் ஏறிப் போய்விட்டிருந்தாள். தையல் நின்றதா பிரிந்ததா என்று இந்த நிமிஷம் வரை ஊசியக்காவுக்குத் தெரியாது. ராத்திரி அவளுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

*

மாடி வீட்டு அம்மாள் ஏமாற்றத்தோடு படியேறியதும், தம்பி போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது. சேனலின் நிகழ்ச்சித் தலைவர் அதுவரை அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். எதைச் சொன்னாலும் ஓகே என்று முடிக்கிற அவருக்கு ஓகே சார் என்றே பெயர்.

தம்பியும் அதே சேனலில்தான். கன்ட்ரோல் ரூமில், எல்லா கேமராவின் படமும் வரிசையாகத் தெரியும் பெட்டிகளுக்கு முன் உட்கார்ந்து, எந்தப் படம் வெளியே போக வேண்டுமோ அந்தப் பட்டனை அழுத்துவது அவன் வேலை.

"நான்தான்க்கா அழுத்தினேன்" என்றான். "அந்தப் பாடகரோட அம்மாவைக் காட்டச் சொன்னாங்க. பக்கத்துப் பெட்டில நீ இருந்த. இத்தனை வருஷமா அந்தப் பெட்டிங்களப் பாத்துட்டே உக்காந்திருக்கேன், நம்ம வீட்டு முகம் ஒண்ணுகூட அதுல வந்ததில்ல. பாத்ததும் விரல் தானா போயிடுச்சு."

ஊசியக்காவுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

ஓகே சாரின் தீர்ப்பு இது. விழாவைப் பற்றி நேயர்கள் பேசும் நேரடி நிகழ்ச்சி சாயங்காலம் இருக்கிறது. ஊசியக்கா அதில் வந்து உட்கார்ந்து, பொறாமையில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாளை முதல் தம்பி வேலைக்கு வர வேண்டாம்.

தையலைச் சொன்னேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன், அதிலென்ன என்றாள் ஊசியக்கா. அதைத்தான் சொல்லவே கூடாதாம். கவுன் கொடுத்த கடைதான் அந்த விழாவுக்கே படியளந்தது. அந்தக் கடைத் துணி மேடையில் பிரிய இருந்தது என்றால் அடுத்த வருஷம் விழாவே கிடையாது.

"தையலாம் தையல்" என்று வாசல்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சின்னவள். பல் மருத்துவமனையில் முன்மேஜையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்வது அவள் வேலை. பொறுமைக்குப் பேர் போனவள். அந்தப் பொறுமை இன்று தீர்ந்திருந்தது.

"நேத்து நான் இங்கதான் உக்காந்து டிவி பாத்துட்டிருந்தேன், அண்ணி. என் முன்னால இந்தச் சாவி. டிவிக்குள்ள நீங்க. என்னையே பாத்து, பிரிஞ்சிடும்னு சொன்னீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"உன்னைச் சொல்லணும்னா உன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். டிவில ஏறிச் சொல்ல மாட்டேன்."

"ஒரு வாரமா மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

ஊசியக்கா மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். பேச்சில் யாருக்கும் சளைக்காதவள்தான் அவள். போகாதே என்று சொன்னால் அதிகாரம் செய்கிறாள் என்பார்கள், போ என்று சொன்னால் துரத்துகிறாள் என்பார்கள் என்று பயந்து, ஒன்றும் சொல்லாமல் இருந்ததே இப்போது குற்றமாகி நிற்கிறது. சின்னவள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். சாவியை அவள் எடுக்கவில்லை.

*

ஓகே சாரின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் ஒரு தாளில் பெரிய எழுத்தில் நாலு வரி. என் மனத்தில் இருந்த பொறாமையினால் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், ஜோடியிடமும் நேயர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று போகிற வரிகள்.

"எதுமேல சார் எனக்குப் பொறாமை?"

"ஏதோ ஒண்ணு. அவங்க குடும்பமா சந்தோஷமா இருக்காங்க, நீங்க தனியாள். ஜனங்களே புரிஞ்சுப்பாங்க. ஓகே?"

ஊசியக்கா தாளை நாலாக மடித்தாள். தனியாள் என்ற சொல் அவளைச் சுட்டது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள் அவள், கிடைக்காமல் இருந்தவள் அல்ல. இந்த மனுஷனுக்கு அதை எந்த மொழியில் சொல்வது?

ஆனால் அவளுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது, அதையும் மறைப்பானேன். பொறாமைக்காரி என்று பெயர் எடுத்தால் ஊர் கொஞ்ச நாள் சிரிக்கும், பிறகு மறந்துவிடும். தையல்காரி, தன் தையல் நிற்காது என்று தானே ஊரறியச் சொன்னால் அப்புறம் யார் அவளிடம் துணி கொடுப்பார்கள்? தாளைப் படித்துவிட்டுப் போவதுதான் லாபம். தம்பிக்கு வேலை நிற்கும், அவளுக்குத் தொழில் நிற்கும். பொய் ஒன்றுதான் செலவு.

மேக்கப் போடுகிற பெண் அவள் கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி வைத்தாள். ஊசியக்கா எடுத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

*

நேரடி நிகழ்ச்சி அரங்கம் சின்னது. இரண்டு நாற்காலி, ஒரு போலிப் பூச்செடி. நடத்துகிற பெண் நேயர்களின் கருத்துகளைச் சிரித்த முகத்தோடு படித்துக்கொண்டே போனாள். விளங்காத வாய் என்பதையும் அதே சிரிப்போடு படித்தாள். பிறகு, நம்மிடம் மனம் திறக்க வந்திருக்கிறார் என்று ஊசியக்கா பக்கம் கையைக் காட்டினாள்.

எதிரே கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் உன் முகம் வெளியே போகிறது என்று அர்த்தம், அணைந்தால் போகவில்லை என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான். அவன் மேலே கன்ட்ரோல் ரூமில் இருந்தான்.

ஊசியக்கா தாளைப் பிரித்தாள். முதல் வரியில் பொறாமை என்ற சொல்லைப் பார்த்தாள். மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பொறாமையும் இல்ல, மந்திரமும் தெரியாது. நான் தையக்காரி. அந்தக் கவுனுக்கு இடுப்புல ஓட்டுத்தையல்தான் போட்டிருந்தேன். மேல மிஷின் ஓட்டாம விட்டது என் தப்பு. அவங்க நடந்து வர்றப்ப தையல் பிரிஞ்சிடும்னு பயந்தேன், வாய்விட்டுச் சொன்னேன். கைல ஊசி இருந்துச்சு, அதான் கைதட்டல. மன்னிப்புக் கேக்கணும்னா என் தையலுக்குக் கேக்கறேன். என் வாய்க்குக் கேக்க மாட்டேன். தையலைத் தவிர நான் வேற எதையும் சொல்லல."

நடத்துகிற பெண்ணின் சிரிப்பு உறைந்தது. அவள் காதில் இருந்த கருவியில் யாரோ கத்துவது ஊசியக்காவுக்கே கேட்டது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர் கழுத்தில் விரலால் கோடு இழுத்து, வெட்டு, விளம்பரத்துக்குப் போ என்று மேலே பார்த்துக் கையை ஆட்டினார்.

சிவப்பு விளக்கு அணையவில்லை.

ஊசியக்கா அந்த விளக்கையே பார்த்தாள். அங்கே மேலே ஓகே சார் தலைக்குமேல் நின்று கத்துவதும், தம்பியின் விரல் பட்டனைவிட்டு நகராமல் இருப்பதும் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. நேற்றுத் தானாகப் போன விரல், இன்று தெரிந்தேதான் நிற்கிறது. சின்ன வயதில் யாராவது குரலை உயர்த்தினால் அவள் பின்னால் ஒளிந்துகொண்ட பையன் அவன்.

விளக்கு எரிகிறது, ஏதாவது பேசியாக வேண்டும். நடத்துகிற பெண் தடுமாறி, முதலில் கைக்கு வந்த நேயர் அழைப்பை எடுத்துவிட்டாள்.

"ஒரு நேயர் பேசறேன்" என்றது அரங்கம் முழுக்க ஒலித்த ஒரு பெண் குரல். "அந்தம்மா தன் தப்பைச் சொல்லிட்டாங்க. மிஷின் ஓட்ட விடாம இழுத்துட்டுப் போனது யாரு? சேர் காலியா இருக்குன்னு ஊசியும் கையுமா அவங்களப் பிடிச்சு உக்கார வச்சது யாரு? அவங்க மன்னிப்புக் கேட்டாச்சு. இப்ப நீங்க கேளுங்க."

நேயரின் பெயர் என்ன என்று நடத்துகிற பெண் கேட்டாள்.

"பேர் எதுக்கு? அவங்க தம்பி பொண்டாட்டின்னு போட்டுக்குங்க, அவருதான் எல்லாம் சொன்னாரு." குரல் ஊசியக்கா பக்கம் திரும்பியது. "அண்ணி, வலியோட நாலு பேரைக் காக்க வச்சுட்டுப் பேசறேன். வீட்டுக்கு வாங்க, மூஞ்சிக்கு நேரா பேசுவோம். மத்தியானம் வந்து சாவியை மேஜைலேருந்து எடுத்துட்டேன்."

எடுத்தது போவதற்கா, திருப்பிக் கொடுப்பதற்கா என்று சொல்லாமலே வைத்துவிட்டாள். அப்போதுதான் சிவப்பு விளக்கு அணைந்தது.

*

தம்பியை ஓகே சார் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். அவன் உள்ளே போனதும் மூடிய கதவு இன்னும் திறக்கவில்லை. ஊசியக்கா தன் கத்திரிக்கோலையும் நூல் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று உடைப் பிரிவுக்கு வந்தாள். இனி இங்கே தனக்கு வேலை இருக்காது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல நிமிர்ந்துதான் நடந்தாள்.

மிஷினுக்குப் பக்கத்தில் பாடகி நின்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடியும் மேக்கப்பும் இல்லை. கையில் அந்தக் கவுன், இடுப்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து கிடந்தது.

"மேடைப் படி இறங்கறப்பவே பிரிஞ்சிடுச்சு. கார் வரைக்கும் கையால பிடிச்சுட்டே போனேன்" என்றாள்.

ஊசியக்கா கூனிக்குறுகிப் போனாள். ஊரெல்லாம் பார்க்கக் கேட்ட மன்னிப்பை இவளிடம் தனியாக இன்னொரு தடவை கேட்டாள். காலரிலிருந்து ஊசியை உருவி, நூல் கோக்க வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

பாடகி போனை மிஷின் மேல் வைத்தாள். "இதை முழுசா பாத்தீங்களாக்கா?"

காலையில் ஊசியக்கா பாதியில் தள்ளிவிட்ட அதே படம். முதல் தடவை உதடு அசைகிறது, கண் இடுப்பில் இருக்கிறது. படம் மேலே ஓடியது. மைக் முன்னால் பாடகி வாயைத் திறக்கிறாள். பேச விடாமல் புருஷன் அவள் கையிலிருந்து விருதை வாங்கிக்கொள்கிறான், மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான், இன்னொரு கையால் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒதுக்குகிறான். இரண்டாவது வரிசையில் ஊசியக்காவின் கண் இடுப்பைவிட்டு மேலே போகிறது. உதடு இரண்டாவது தடவை அசைகிறது. அதே சொல்.

ஊசியக்காவுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. தையலைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை என்று சற்றுமுன் ஊருக்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"ரெண்டாவது தடவை தையலைச் சொல்லலியே நீங்க" என்றாள் பாடகி.

பொய் சொல்ல ஊசியக்காவுக்கு இன்று ஒரு தடவை சந்தர்ப்பம் வந்து, அதைத் தள்ளியாகிவிட்டது. "இல்லம்மா" என்றாள்.

பாடகி அவள் விரலில் இருந்த ஊசியை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தாள். "அப்ப இதைத் தைக்க வேண்டாம். மீதியையும் பிரிச்சுக் குடுங்க."

கதவு தட்டப்பட்டது. வெளியே தாழ்வாரத்திலிருந்து ஒரு ஆண் குரல் பாடகியைக் கூப்பிட்டது. எல்லா வீட்டு ரேடியோவிலும் தேனாக வழிகிற குரல்தான், இப்போது அதில் தேன் இல்லை. இரண்டாவது தடவை தட்டியது பலமாக இருந்தது. பாடகியின் கை தானாகவே கவுனின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

ஊசியக்கா அந்தக் கையை விலக்கிவிட்டு, உள்தாழ்ப்பாளைப் போட்டாள். கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள அளவெடுத்துட்டிருக்கேன். நேரமாகும்" என்றாள் கதவைப் பார்த்து.